மூடாத மூடி

அந்த அலுவலகத்தில் நானூறு பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஆளுக்கொரு லேப்டாப். அது மக்கர் பண்ணினால் எல்லோரும் தேடிப் போவது தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னல் இல்லாத அறைக்கு. அங்கே இருந்தவளை ‘ரீஸ்டார்ட் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். யார் போன் செய்தாலும், என்ன குறை சொன்னாலும், அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?” பாதிப் பேருக்கு அதிலேயே வியாதி தீர்ந்துவிடும். மீதிப் பேருக்காக அவள் ஸ்க்ரூடிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறுவாள்.

அவள் இந்த வேலைக்குப் படித்து வந்தவள் இல்லை. அதே கட்டடத்தின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தவள். அந்த மேஜைக் கம்ப்யூட்டர் வாரத்துக்கு ஒரு முறை உறைந்து நிற்கும். ஆள் வந்து சரி செய்ய இரண்டு நாள் ஆகும். அதுவரை வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் எரிந்து விழுவார்கள். வந்த ஆள் என்ன செய்கிறான் என்று தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து, பார்வையாளர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். நான்காவது முறை கம்ப்யூட்டர் நின்றபோது போன் செய்யவில்லை. தானே சரி செய்துவிட்டாள். பிறகு ஒரு வருடம் மாலை வகுப்பு. கைக்குழந்தையைக் கணவன் பார்த்துக்கொண்டான். அந்தக் குழந்தை இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் இந்த அறைக்கு வந்து பதினோரு வருடம்.

இத்தனை வருடத்தில் அவள் பார்க்காத கூத்து இல்லை. ‘என் லேப்டாப் நெருப்பாக் கொதிக்குது’ என்று ஒரு விற்பனைக்காரர் வந்தார். திறந்து பார்த்தால் காற்று போகிற வழி முழுக்கப் பஞ்சு. ராத்திரியெல்லாம் தலையணை மேல் வைத்து வேலை பார்த்திருக்கிறார். கீபோர்டைத் தினமும் துணி போட்டுத் துடைக்கும் சுத்தக்காரர் ஒருவருக்கு வாரம் தவறாமல் வைஃபை போய்விடும். துடைக்கும்போது வைஃபையை அணைக்கிற ஏரோபிளேன் பட்டனையும் சேர்த்துத் துடைப்பார். ‘ரொம்ப ஸ்லோவா இருக்கு’ என்று குதித்த அதிகாரி ஒருவரின் திரையில் ஐம்பத்து மூன்று பக்கங்கள் திறந்து கிடந்தன. “வீட்ல அம்பத்திமூணு கதவையும் திறந்து வெச்சுட்டு ஏசி குளிரலன்னா எப்படி சார்?” என்று கேட்டாள். அவரே சிரித்துவிட்டார்.

ஆனால் யாரையும் முதலில் கிண்டல் பண்ண மாட்டாள். வருகிறவர்கள் வேலை நின்றுபோன ஆத்திரத்தில், மேலதிகாரி திட்டுவாரே என்ற பயத்தில் வருகிறார்கள். முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவாள். அப்புறம்தான் கேள்வி. “கடைசியா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருப்பாள்.

அந்த அறையில் அவளோடு இன்னொருவன் இருந்தான். ஏழு தேர்வு எழுதி ஏழு சான்றிதழ் வாங்கி, ஏழையும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்ததால் அவனுக்கு ‘ஏழு சர்டிபிகேட்’ என்று பெயர். நல்ல மூளைக்காரன். வேகக்காரன். அவள் அரை மணி நேரம் பார்ப்பதை அவன் ஐந்து நிமிடத்தில் முடிப்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. அவளுக்கு அதில் பொறாமை கிடையாது.

மூன்றாம் மாடியில் ஒரு அம்மா இருந்தார். கம்பெனிக்கு வேலை கேட்டுப் போடுகிற டெண்டர்களையெல்லாம் முப்பது வருடமாகத் தயார் செய்பவர். நூற்றைம்பது பக்க டெண்டரில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். டெண்டர் அம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

நான்கு மாதமாக அந்த அம்மாவுக்குப் போதாத காலம். டைப் செய்துகொண்டே இருப்பார். திடீரென்று திரை கறுத்துப் போகும். பதறிப்போய்ப் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார். லேப்டாப் ஒரேயடியாக அணைந்து, அதுவரை சேமிக்காமல் அடித்ததெல்லாம் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நாள் நான்கு தடவை, சில நாள் ஒன்றுமே இருக்காது. முதல் புகார் வந்ததும் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார்கள். கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் ஓடியது. திருப்பிக் கொடுத்த அன்றே மறுபடியும் அணைந்தது. சரி, வேறு லேப்டாப் கொடுத்தார்கள். அதுவும் அணைந்தது. புத்தம் புதுசாக மூன்றாவது கொடுத்தார்கள். அதுவும்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ‘அந்தம்மா கை பட்டாலே மிஷின் செத்துடும்’ என்று ஆரம்பித்தார்கள். பக்கத்து மேஜைக்காரி தன் லேப்டாப்பைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள். விளையாட்டுக்குத்தான். ஆனால் டெண்டர் அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே, வாடிக்கையாளர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது திரை மூன்று முறை கறுத்தது. மூன்றாவது முறை மேலாளர் எழுந்து, தன் லேப்டாப்பை மாட்டி, மீதியைத் தானே பேசி முடித்தார். அன்று மாலை புகார் நான்காவது தடவையாகக் கீழே வந்தது.

ஏழு சர்டிபிகேட் லேப்டாப்புக்குள் இருக்கும் பதிவை எடுத்துப் பார்த்தான். எப்போது திறந்தோம், எப்போது அணைத்தோம் என்று ஒவ்வொன்றையும் லேப்டாப் தானே குறித்து வைத்திருக்கும். அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

“பாருங்கக்கா. ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம்தான் எழுதியிருக்கு. மூடி மூடப்பட்டதுன்னு. மூடியை மூடினா தூங்கப் போயிடும், அது லேப்டாப்போட சுபாவம். அந்தம்மாவே மூடறாங்க.”

“கூட்டத்துல ஆறு பேர் முன்னாடி பேசிட்டு இருந்தவங்க மூடுவாங்களா?”

“அப்ப மூடியில இருக்கற சென்சார் கெட்டுப்போயிருக்கணும். ஒரு லேப்டாப்ல கெட்டுப்போகும். வரிசையா மூணுலயுமா கெடும்? ஒண்ணு, தெரியாம மூடறாங்க. இல்லன்னா வேலையைத் தள்ளிப்போட மூடறாங்க. போன வாரம் நேர்லயே கேட்டுட்டேன். சத்தியமா மூடலங்கறாங்க. லாக் பொய் சொல்லுமாக்கா? புகாரை முடிச்சுடலாம். பயனர் தவறுன்னு போட்டா போச்சு.”

லாக் என்று அவன் சொன்னது அந்தப் பதிவைத்தான். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் அவள், “இதை எங்கிட்ட விட்டுடு. நாளைக்கு நான் பாக்கறேன்” என்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் கணவன் பஸ் ஓட்டியவன். ஏழு வருடத்துக்கு முன்னால், தினமும் வீட்டுக்கு வந்ததும், “பிரேக்கு சில நேரம் கால்ல பஞ்சு மாதிரி போகுது” என்பான். மூன்று முறை பணிமனையில் எழுதிக் கொடுத்தான். மூன்று முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதித் திருப்பினார்கள். எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் ஓட்டிப் பார்த்தபோது உண்மையிலேயே பிரேக் பிடித்தது. நான்காவது வாரம் இறக்கத்தில் பஸ் நிற்காமல் போய் ஒரு மதில் சுவரில் மோதியது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவனுக்கு முழங்கால் நொறுங்கியது. விசாரணையில் அந்த மூன்று காகிதத்தையும் காட்டி, ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். இப்போது அவன் பணிமனை வாசலில் வண்டி வருவதையும் போவதையும் குறித்துக்கொள்கிறான். “நான் சொன்னதை யாராவது ஒருத்தர் என்கூட பஸ்ல உக்காந்து பாத்திருக்கலாம்” என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் மூன்றாம் மாடிக்குப் போய், டெண்டர் அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர் பை கூட இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் மட்டும்.

டெண்டர் அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. “நான் மூடறேனான்னு வேவு பாக்க அனுப்பியிருக்காங்களா?”

“இல்லம்மா. அது எப்படி அணையுதுன்னு நான் ஒரு தடவை கூட கண்ணால பாக்கல. பாக்காம என்ன வைத்தியம் பண்றது? நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க.”

“நீ உக்காந்திருந்தா அணையாது. பாத்துக்கிட்டே இரு. டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போற கதைதான்.”

அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. ஒன்பதரை, பத்து, பத்தரை. லேப்டாப் சமர்த்தாக ஓடியது. டெண்டர் அம்மா மணிக்கட்டை அடிக்கடி நீவிக்கொண்டார். அந்த மேஜை உயரமாக இருந்ததை அவள் கவனித்தாள். லேப்டாப்பின் கூரான விளிம்பு அவர் மணிக்கட்டை அறுப்பது போல் அழுத்திக்கொண்டிருந்தது. அதை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து டெண்டர் அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேச ஆரம்பித்தார். “ஆவணக் காப்பறைக்கு என்னை மாத்தப் போறாங்களாம். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து. லெட்டர் டைப் ஆயிடுச்சு, டைப் பண்ணின பொண்ணே வந்து சொல்லிட்டு அழுதுச்சு. பழைய ஃபைலுக்கு நம்பர் ஒட்டற வேலை. அது ஒண்ணும் கேவலம் இல்ல, யாராவது பண்ணித்தானே ஆகணும். ஆனா நான் பொய் சொல்றேன்னு நெனச்சு அனுப்பறாங்க பாரு, அதான் தாங்க முடியல.” மூக்கை உறிஞ்சினார். “சில நாள் எனக்கே சந்தேகம் வந்துடுதும்மா. ஒருவேளை நானேதான் மூடறேனோ? எனக்குத்தான் நெனவு தப்புதோ? எங்க அப்பாவுக்குக் கடைசிக் காலத்துல அப்படித்தான் ஆச்சு. போன வாரம் டாக்டர்கிட்ட கூட போயிட்டு வந்தேன். யாருக்கும் சொல்லாதே.”

ரீஸ்டார்ட் அக்கா நோட்டை மூடி வைத்தாள். ஒரு திரை கறுத்துப் போவது ஒரு மனுஷியை எது வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறது! “சொல்ல மாட்டேம்மா” என்றாள்.

பதினொன்று இருபதுக்கு டெண்டர் அம்மா ஒரு நீளமான பத்தியைப் படித்துப் பார்ப்பதற்காக டைப் செய்வதை நிறுத்தினார். வலது கை மவுஸில். இடது கையைக் கீபோர்டின் இடது ஓரத்தில் அப்படியே சாய்த்து வைத்தார். திரை கறுத்தது.

“பாத்தியா! பாத்தியா! நான் மூடினேனா?”

“கையை எடுக்காதீங்கம்மா! பட்டனைத் தொடாதீங்க! அப்படியே இருங்க!”

சொல்லி முடிப்பதற்குள் பழக்க தோஷத்தில் அவர் இடது கையைத் தூக்கிவிட்டார். கையோடு கூட, கீபோர்டு ஓரத்தில் கிடந்த ஒரு பேப்பர் கிளிப்பும் தொங்கிக்கொண்டே வந்தது.

இரண்டு பேரும் அந்தக் கிளிப்பையே பார்த்தார்கள். டெண்டர் அம்மாவின் இடது மணிக்கட்டில் ஒரு கறுப்பு வளையம் இருந்தது. வளையல் மாதிரியும் இல்லை, வாட்ச் மாதிரியும் இல்லை. கிளிப் அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது என்னம்மா?”

“இதுவா? காந்த வளையம். கை வலிக்குதுன்னு பையன்கிட்ட சொன்னேன். வெளிநாட்டுலேர்ந்து வாங்கி அனுப்பினான். ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம்.”

“எப்ப அனுப்பினார்?”

“நாலு மாசம் இருக்கும்...” என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

அவள் எழுந்து லேப்டாப்பை எழுப்பினாள். தன் கையை அதே இடத்தில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. வளையத்தை வாங்கி, அதே ஓரத்தில் வைத்தாள். திரை கறுத்தது. எடுத்தாள். எழுப்பினாள். வைத்தாள். கறுத்தது. ஐந்து முறை செய்து பார்த்தாள். ஐந்து முறையும் கறுத்தது.

“அம்மா, மூடிக்குள்ள ஒரு சின்ன காந்தம் இருக்கு. மூடினா அது கீழ இந்த ஓரத்துல இருக்கற சென்சார் மேல வந்து உக்காரும். காந்தம் வந்துடுச்சு, அப்ப மூடிட்டாங்கன்னு லேப்டாப் தூங்கப் போயிடும். அதுக்குக் கண்ணா இருக்கு? உங்க வளையம் வந்தாலும் மூடின்னுதான் நெனச்சுக்குது. மூணு லேப்டாப்பும் ஒரே மாடல். சென்சாரும் ஒரே இடம். எங்க ரூம்ல யாரும் வளையம் போடல, அதான் அங்க ஓடுச்சு.”

“அப்ப நான் மூடல.”

“மூடல.”

“வளையம் போடாத அன்னிக்கு அணையாது.”

“அணையாது. கை வீங்கின அன்னிக்குக் கழட்டி வெச்சிருப்பீங்க, இல்ல?”

டெண்டர் அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். ரீஸ்டார்ட் அக்கா தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி அவரை மறைத்துக்கொண்டாள்.

முகத்தைத் துடைத்த பிறகு அந்த அம்மா மெல்லிய குரலில், “இது தெரிஞ்சா எல்லாரும் சிரிப்பாங்களே. வளையல் போட்டுக்கிட்டு நாலு மாசம் ஆபீஸையே அலைய விட்டவன்னு” என்றார்.

“யாருக்கும் தெரிய வேண்டியதில்லம்மா. தெரிய வேண்டியவருக்கு, தெரிய வேண்டிய அளவுக்குத் தெரிஞ்சா போதும்.”

அவள் நேராக நான்காம் மாடிக்குப் போனாள். மேலாளர் பத்து நிமிடத்தில் வேறு கூட்டத்துக்குக் கிளம்ப இருந்தார். “அந்தம்மா லேப்டாப் விஷயமா? அது முடிஞ்சுபோச்சேம்மா. பதிவுல தெளிவா இருக்காமே.”

“ரெண்டு நிமிஷம் சார். உங்க லேப்டாப்ல ஏதாவது சேமிக்காம வெச்சிருந்தா சேமிச்சுக்கோங்க.”

புரியாமல் சேமித்தார். அவருடையதும் அதே மாடல்தான். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் காகிதம் குத்தி வைக்கிற உருண்டைக் காந்தம் ஒன்றை எடுத்து அவர் கீபோர்டின் இடது ஓரத்தில் வைத்தாள். திரை கறுத்தது. அவர் துள்ளி எழுந்தார். அவள் காந்தத்தை எடுத்து, லேப்டாப்பை எழுப்பிக் காட்டினாள். “நீங்களே வெச்சுப் பாருங்க சார்.”

அவர் வைத்தார். கறுத்தது. மறுபடியும் வைத்தார். பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி நான்கைந்து தடவை வைத்து எடுத்தார். பிறகு காந்தத்தைப் பலகையில் திருப்பி ஒட்டினார்.

“அப்ப அந்தம்மா மூடல.”

“மூடல சார். நாலு மாசமா அதைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க.”

“காந்தம் எங்கேர்ந்து வந்துச்சு?”

“லேப்டாப் பக்கத்துல ஒரு பொருள்ல இருந்துச்சு சார். இனிமே இருக்காது. அந்த வேலையை முப்பது வருஷமா பாக்கறவங்களைக் காந்தத்துக்காக மாத்த வேண்டாமேன்னுதான் ஓடி வந்தேன்.”

மேலாளர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு கடிதத்தை எடுத்துப் பார்த்தார். கிழிக்கவும் இல்லை, மறுபடி உள்ளே வைக்கவும் இல்லை. “சரிம்மா, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்” என்றார். என்ன பார்ப்பார் என்று தெரியாமலேயே அவள் கீழே இறங்கினாள்.

ஏழு சர்டிபிகேட் கதையைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். வாராந்திரக் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லப்போவதாகச் சொன்னான். அவள் சிரிக்காமல் இருப்பதைப் பார்த்து நிறுத்தினான். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

“போன வாரம் நான் அந்தம்மாகிட்ட கொஞ்சம் கடுமையாவே பேசிட்டேங்க்கா. லாக் பொய் சொல்லாதுன்னேன்.”

“அது பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுச்சு” என்றாள் அவள். “அவங்களுக்குத் தனி கீபோர்டும், லேப்டாப்பை உயர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்டும் வேணும். மேஜையைக் கொஞ்சம் இறக்கணும். ஸ்டோர்ல கேட்டு நீயே கொண்டுபோய் மாட்டிட்டு வர்றியா?”

போனான். பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது வாயில் மிட்டாய். என்ன பேசினான் என்று அவளும் கேட்கவில்லை. வாராந்திரக் கூட்டத்தில் அந்தப் புகாரைப் பற்றிக் கேட்டபோது, “வெளியிலிருந்த காந்தத்தால் மூடி சென்சார் தூண்டப்பட்டது, சரி செய்யப்பட்டது” என்று ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான்.

மூன்று நாள் கழித்து மேலாளர் தானாகவே டெண்டர் அம்மாவின் மேஜைக்கு வந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “வர்ற மாசம் ஒரு பெரிய டெண்டர் இருக்கு, நீங்களே போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். மன்னிப்பு அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் முன்னால் பேசுகிற வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. அது திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. ‘கை பட்டால் மிஷின் செத்துடும்’ பேச்சும் ஒரேயடியாக நிற்கவில்லை, தேய்ந்து தேய்ந்துதான் போனது. வேறு யாருக்கோ வேறு ஏதோ நடந்து, வாய்களுக்குப் புது வேலை கிடைத்தது.

காந்தத்தைக் கண்டுபிடித்த அன்று மாலையே வீட்டில் அவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும், “எவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?” என்றான்.

“ரெண்டு மணி நேரத்துக்கு மேல.”

“அவ்வளவுதானா?” என்றான். அவளுக்கான தட்டை அன்று அவனே நொண்டி நொண்டி எடுத்து வந்து வைத்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். டெண்டர் அம்மா கீழே வந்தார். முகம் தெளிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் சுழற்றிக் காட்டினார்.

“வலி போயிடுச்சும்மா. அந்த கீபோர்டு வந்ததிலேர்ந்து போயே போச்சு. ஞாயித்துக்கிழமை பையன் வீடியோவுல பேசினான். கை எப்படிம்மா இருக்குன்னான். இப்ப வலியே இல்லடான்னேன். அவனுக்குத் தலைகால் புரியல. பாத்தியாம்மா, காந்தம் வேலை செய்யும்னு நான் சொன்னேன்ல, எல்லாரும் என்னைக் கேலி பண்ணினாங்கன்னு குதிக்கறான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தைச் சொல்றது? எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துக்கிட்டு அம்மா கை வலிக்கு என்ன பண்றதுன்னு தேடித் தேடி வாங்கியிருக்கான்.” டெண்டர் அம்மா எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டார். “ஆமாண்டா கண்ணா, நல்லா வேலை செய்யுதுன்னேன். இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும், அவன் கூப்பிடற நேரத்துக்குப் போட்டுக்கறேன். போன்லதான் பேசறேன், லேப்டாப்ல இல்ல.”